கேட்டும் கைகாட்டியும்

இங்கிலாந்தின் கிழக்கே, நாரிச்சிலிருந்து லோஸ்டாஃப்ட் போகும் பாதையில் கேன்ட்லி என்று ஒரு சின்ன ரயில் நிலையம். யேர் ஆற்றங்கரைச் சதுப்பு நிலமும், 1912-இல் தொடங்கிய சர்க்கரைக் கிழங்கு ஆலையும்தான் ஊரின் அடையாளம். நிலையத்தை ஒட்டிச் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் கையால் தள்ளி மூடும் மரக்கதவுகளும், இரண்டு பக்கமும் கைகாட்டி மரங்களும் இருந்தன. எல்லாவற்றையும் சீக்கிரம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 2019 இலையுதிர் காலத்தில் ஒருநாள் அங்கே போனேன்.

ரயில் ரசிகர்கள் சிலர் எனக்கு முன்பே வேலியோரம் நின்றிருந்தார்கள். யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு, வெயில் எந்தப் பக்கம் விழும், அவ்வளவுதான் பேச்சு. இந்த நாட்டில் என்னை முழுக்கச் சேர்த்துக்கொண்ட முதல் கூட்டம் இதுதான்.

சிக்னல் அறைக்குள் மணி அடித்தது. பக்கத்து நிலையத்தில் வண்டி புறப்படப் போகிறது என்று பொருள். சிக்னல்காரர் படியிறங்கி வந்தார், சாலையை இரு பக்கமும் பார்த்தார், கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சாலையை மறித்தார். மறுபடி மேலே ஏறி ஒரு நெம்புகோலை இழுத்தார். கதவுகளைப் பூட்டும் நெம்புகோல் அது. அதை இழுத்த பிறகுதான் சிக்னல் நெம்புகோல் அசைந்தது; கம்பி இழுபட்டு, தூரத்தில் கை உயர்ந்தது.

அந்த வரிசைக்காகத்தான் நான் போனேன். கதவு பூட்டாமல் இருந்தால் சிக்னல் நெம்புகோலை எவ்வளவு பலம் கொண்டு இழுத்தாலும் வராது. நெம்புகோல்களுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. ஒன்று நகர்ந்தால் இன்னொன்றின் வெட்டில் போய் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். தறிக்காரன் பிள்ளையான எனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டியில் எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளை தீர்மானிப்பது போலத்தான். நெய்பவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் 1856-இல் இப்படியொரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய சாக்ஸ்பி அண்டு ஃபார்மர் கம்பெனி பிறகு கல்கத்தாவிலும் பட்டறை போட்டு இந்திய ரயில்வேக்குச் சாமான் செய்தது.

எங்கள் ஊரான சந்தவாசலில் ரயில் கிடையாது. கண்ணமங்கலமோ போளூரோ போக வேண்டும், இல்லையென்றால் களம்பூர். களம்பூரில் இருக்கும் நிலையத்துக்குத்தான் ஆரணி ரோடு என்று பெயர். அப்பா ஆரணி முதலாளிக்குக் கூலிக்கு நெய்தவர். நெய்த சேலையைக் கொடுக்கப் போகும்போது சில நாள் என்னையும் கூட்டிப்போவார். வழியில் கேட் போட்டிருந்தால் எனக்குக் கொண்டாட்டம். ‘கை இறங்கிடுச்சு, வண்டி வருது’ என்று யாராவது சொல்வார்கள். எங்கள் பக்கம் கை கீழே சாய்ந்தால் வண்டிக்கு வழி. கேன்ட்லியில் மேலே உயர்ந்தால் வழி. முதல் தடவை பார்த்தபோது உடம்பு அதை ஏற்க மறுத்தது.

விழுப்புரம்–காட்பாடி அப்போது மீட்டர் கேஜ் ஒற்றைப் பாதை. நிலையத்தில் வேகம் குறைத்து ஓடும் வண்டியிலிருந்து டிரைவர் கை நீட்டி ஒரு பிரம்பு வளையத்தை வாங்கிக்கொள்வார். வளையத்தோடு தோல் பை, பைக்குள் இரும்புக் குண்டு. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் உள்ள இணைப் பெட்டிகளிலிருந்து ஒரே சமயத்தில் ஒரு குண்டுதான் வெளியே வரும். குண்டு கையில் இல்லாமல் எந்த டிரைவரும் பாதைக்குள் போகக் கூடாது. ஆகவே எதிரே இன்னொரு வண்டி வராது.

இந்த ஏற்பாடு பிறக்கக் காரணம், நான் நின்றிருந்த அதே கேன்ட்லி பாதையில் நடந்த ஒரு விபத்து. 1874 செப்டம்பர் 10, மழை இரவு. அப்போது ஒற்றைப் பாதையாக இருந்த நாரிச்–பிரண்டல் பகுதியில், தந்திச் செய்திக் குழப்பத்தால் இரு பக்கமிருந்தும் வண்டிகளை விட்டுவிட்டார்கள். தார்ப் என்ற இடத்தில் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எட்வர்டு டையர் ஒரே ஒரு வில்லை மட்டும் வெளிவரும் கருவியைச் செய்து 1878-இல் காப்புரிமை பெற்றார். நம் இரும்புக் குண்டுப் பெட்டி அந்த வழியில் வந்ததுதான். தார்ப்பில் செத்தவர்களுக்குக் களம்பூர் என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆனாலும் எங்கள் வண்டிகள் அவர்கள் சாவிலிருந்து பிறந்த விதியின் பாதுகாப்பில்தான் ஓடின.

2020 பிப்ரவரியில் கேன்ட்லி கதவுகளும் கைகாட்டிகளும் போயின. இப்போது தானியங்கித் தடுப்புகளும் விளக்குகளும், கட்டுப்பாடு கோல்செஸ்டரிலிருந்து. எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. மரம் போனாலும் பூட்டு போகவில்லை. கம்பியும் பட்டையும் செய்த வேலையைக் கணினி செய்கிறது, சாலை மூடாமல் சிக்னல் விழாது.

2025 ஜூலை 8 அன்று காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதிய செய்தியை இங்கே இருந்து படித்தேன். மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது ஆள் இருக்கும் கேட். ஆனால் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். அப்படிப்பட்ட கேட்டில், மூடியாயிற்று என்று கேட் கீப்பர் போனில் சொல்லும் சொல்லும், பரிமாறிக்கொள்ளும் ரகசிய எண்ணும்தான் பாதுகாப்பு. கதவு திறந்து கிடந்தாலும் வண்டிக்கு வழி கிடைத்துவிடும். அந்த இடத்தில் கேன்ட்லியின் பழைய இரும்புப் பூட்டு இருந்திருந்தால் வண்டிக்கு வழி விட்டிருக்காது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் சில உத்தரவுகள் போட்டார். கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையையும் வாகன அளவையும் பெருக்கி வரும் கணக்கு 20,000-ஐத் தாண்டினால் பிணைப்பு என்றிருந்ததை 10,000-ஆகக் குறைத்தது அதிலொன்று. நல்ல மாற்றம்தான். ஆனால் இரண்டு பஸ்ஸும் ஒரு பள்ளி வேனும் போகும் ஊர்ப்பாதை அந்தக் கணக்கை எப்போது எட்டும்? வேனுக்குள் எத்தனை பிள்ளைகள் என்பது அந்தப் பெருக்கலில் வருவதில்லை. கணக்கு என்னவானாலும், ஆள் இருக்கும் ஒவ்வொரு கேட்டையும் சிக்னலோடு பிணைக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போளூர் பக்கம், கண்ணமங்கலம் பக்கம் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, ‘அண்ணே, இது சிக்னலோட பூட்டுற கேட்டா?’ என்று கேட்கப் போகிறேன். இல்லை என்று சொல்லும் இடங்களை எழுதி, மனுவாக ரயில்வேக்குக் கொடுப்பேன்.