கருவிக்கு ஒரு போர்வை

மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன் என்று பயில்கின்றோம். வாய்திறந்து கேளாத உயிர்க்கு அளித்த கொடை அது. அங்ஙனமே கேளாத கருவியொன்றிற்குப் போர்வை செய்த வரலாற்றை ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

நெய்வேலி நகரியத்தின் ஓரத்தே எமது இல்லம் உளது. எல்லைக்கு அப்பால், ஏறத்தாழ நூறு மீட்டர் தொலைவில், எம் சிற்றப்பனார் வாழ்கின்றார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. இணையவழிப் பாடம் கேட்க அவளுக்கு விருப்பம் உண்டு. தனி இணைப்புப் பெறப் பொருள் இல்லை. எம் மொட்டைமாடியில் வைபைக் கருவி ஒன்றை நிறுத்தின் அலை அவள் இல்லம் எட்டும். ஆயின் வெளியில் வைத்தற்கென்றே செய்த கருவி விலைமிக்கது. எம்பால் இருந்ததோ வீட்டினுள் வைக்கும் பழங்கருவி.

அதற்குப் பகை பல: ஐப்பசி கார்த்திகை அடைமழை, சித்திரை வெயில், சுரங்கத் தூசி, எறும்பு, பல்லி. 2011 டிசம்பர் 30-இல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்த தானே புயலை இன்றும் எம்மூரார் மறந்திலர்.

இரும்புப் பெட்டி உறுதியானதே. எனினும் அலையை வெளிவிடாது. ஆகலின், மூடியில் ரப்பர் வளையமுடைய பிளாஸ்டிக் டப்பாவைத் தேர்ந்தோம். கம்பி நுழையும் துளையை அடிப்புறத்தே இட்டோம். கம்பியைச் சற்றே தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினோம். வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். உள்ளே வியர்க்கும் ஈரம் வடியச் சிறு துளை ஒன்றும் வைத்து, எறும்பு புகாவண்ணம் வலைத்துணி ஒட்டினோம். வெப்பம் தாக்காமல் நீர்த்தொட்டியின் நிழலில் அமைத்தோம். மின்னூட்டியை வீட்டினுள்ளேயே வைத்துக் குறைமின் கம்பியை மட்டும் மேலே கொணர்ந்தோம். இடி முழங்குங்கால் இணைப்பைக் கழற்றிவிடுவோம்.

ஒரு மழைக்காலம் கழிந்தபின் திறந்து பார்த்தோம், உள்ளே ஈரமில்லை. தங்கையின் பாடமும் தடைப்பட்டிலது. வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்குமாகலின், ஆண்டுதோறும் டப்பாவை மாற்றுதல் வேண்டும்.

இது சிறு செயலே. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையார், கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர் துணையுடன், 2000-களின் இடையில் சிற்றூர்க் கண் பரிசோதனை நிலையங்களை நெடுந்தூர வைபையால் பிணைத்தனர். மருத்துவர் தேனியில் இருந்தவாறே நோயாளரைக் கண்டு உரையாடினர். ஆங்கும் இணைப்பை நிறுவியதினும் அதனைப் பழுதுறாது காத்ததே அரும்பணியாயிற்று.

தோழர்காள்! அறிவை ஈட்டுதல் ஒரு கடன். அது பிறரைச் சென்றடையும் வழியைக் காத்தல் மற்றொரு கடன். பின்னதற்குப் பெரும்பொருள் வேண்டா. சிறிது சிந்தனையும் நீங்காக் கவனமும் போதும்.