எங்கள் தீவை நாங்களே காட்டுவோம்

ஐரோப்பாவின் பழைய தலைநகரங்களில் வழிகாட்டி ஒருவர் முன்னே நடப்பார். பயணிகள் அவர் பின்னால் தெருத்தெருவாக நடந்து அந்நகரத்தின் கதையைக் கேட்பார்கள். ஒல்லாந்தில் வாழும் என் மச்சாளின் பிள்ளைகள் அம்ஸ்ரர்டாமில் அப்படி நடந்து பார்த்தவர்கள். விடுமுறைக்கு வந்தபோது, "மாமி, நெடுந்தீவையும் அப்பிடி நடந்து காட்டுங்கோ" என்றார்கள். நானே வழிகாட்டியானேன்.

முதலில் பெயரைச் சொன்னேன். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆனது. வேலணைத்தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற் ஆயின. பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

இடிந்து கிடக்கும் கோட்டையைப் பார்த்தோம். முருகைக்கல்லால் கட்டியது. கட்டச் சொன்னவர்களைப் புத்தகங்கள் சொல்கின்றன. கல் சுமந்தவர்களைச் சொல்வதில்லை. வழிநெடுகக் காணியைச் சுற்றி நிற்கும் கல்வேலிகளோ எங்கள் முன்னோர் சாந்தில்லாமல் அடுக்கியவை. ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து விளையாடினார்கள். நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் குடத்தோடு நடந்த தூரத்தையும் சொன்னேன்.

மாவிலித்துறையில் நினைவுத்தூபிக்கு முன்னால் வந்ததும் மச்சாள் என் கையைப் பிடித்தாள். "பிள்ளையளுக்கு இது வேண்டாம்" என்றாள். அவளின் பயம் எனக்கு விளங்கியது. ஆனாலும் சுருக்கமாகச் சொன்னேன். 1985 மே 15 அன்று இங்கிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

மூத்தவள் கேட்டாள்: "பிறகு அந்தப் படகுக்கு என்ன நடந்தது?"

"திருத்தி, பிறகும் கனகாலம் ஓடினது. நாங்களும் அதிலதான் போய் வந்தனாங்கள்" என்றேன். அவள் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சாள் கையை விடவில்லை, ஆனால் தடுக்கவுமில்லை.

அன்புச் சகோதரிகளே, 2009 இல் போர் முடிந்த பின் எங்கள் தீவுகளைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். குதிரையையும் கோட்டையையும் யாரும் காட்டலாம். அந்தப் படகில் திரும்பவும் ஏறிய பெண்களின் துணிவை நாங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் ஒரு கிணறு, ஒரு துறை, ஒரு மரம் இருக்கும். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே ஒருநாள் நடந்து பாருங்கள்.