ஈறின் நிறம்

ஆரணியில் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் நெசவுக் கைவேலையைத்தான் கேட்பார்கள். தார் சுற்றத் தெரியுமா, பாவு பிணைக்கத் தெரியுமா என்பார்கள். இப்போது செல்பேசிக்குப் படம் அனுப்பச் சொல்கிறார்கள். சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். சிரித்தால் பல்லுக்கு மேலே ஈறு தெரிகிறது. அது கறுத்திருந்தால் சில வீடுகளில் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

என் தம்பியின் பேத்திக்கும் இதுதான் நடந்தது. நன்றாகப் படித்த பெண். அந்தப் படத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்டாள். "லேசர்ல எடுத்துடலாமாம் தாத்தா, ஒரே நாள் வேலையாம்" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், மற்ற பெண்களும் கேட்கட்டும் என்று.

தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈறுக்கும் நிறம் தருகிறது. அதைச் சுரக்கும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கின்றன. நமக்கு அவை கூடுதலாக வேலை செய்கின்றன, அவ்வளவே. அதனால் தமிழர் வாயில் கறுத்த ஈறு இருப்பது இயல்பு. அது அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. செனகல் நாட்டில் பெண்கள் வலி பொறுத்து, ஊசியால் குத்தி ஈறைக் கறுப்பாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஈறு கறுத்தால் பல் பளிச்சென்று தெரியும் என்பது அவர்கள் கணக்கு. வட இந்தியாவில் மிஸ்ஸி என்ற பொடியைப் பூசி ஈறையும் பல்லையும் கறுப்பாக்கிக்கொண்டார்கள். அழகு என்பதை ஊருக்கு ஊர் இப்படி மாற்றி வைத்திருக்கும்போது, ஒரு பெண் ஏன் தலைகுனிய வேண்டும்?

சிகிச்சை இருப்பது உண்மை. ஈறை மரத்துப்போகச் செய்துவிட்டு, மேல்படலத்தைக் கத்தியால் சீவி எடுப்பார்கள். அல்லது வைரத்தூள் பதித்த சிறு கருவியால் தேய்ப்பார்கள். அல்லது லேசரால் நீக்குவார்கள். லேசரில் ரத்தம் குறைவு. புண் ஆற ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காரமும் சூடும் ஆகாது. ஈறு மெல்லியதாக இருப்பவர்களுக்கு அது பின்வாங்கிப் பல்லின் வேர் தெரியும் அபாயம் உண்டு. முக்கியமான சேதி, நிறம் திரும்பி வரலாம். சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குச் சில ஆண்டுகளில். சாயம் போன நூலை மறுபடி தொட்டியில் முக்குவதுபோல, அருகிலுள்ள செல்கள் புதுத்தோலுக்கும் நிறம் ஏற்றிவிடுகின்றன. 'நிரந்தரம்' என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பீடி, சிகரெட் புகை ஈறை மேலும் கறுக்க வைக்கும். புகையை விட்டால் அந்தக் கறுப்பு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மெல்லக் குறையும். விடாதவர் லேசருக்குப் பணம் கட்டுவது வீண். தறிக்குழியில் உட்கார்ந்தபடி வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வது நம் தெருக்களில் பழகிப்போன ஒன்று. அதில் எனக்கு உள்ள கவலை நிறத்தைப் பற்றியது அல்ல, வாய்ப்புற்றைப் பற்றியது.

பிறந்தது முதல் இருக்கும் கறுப்புக்குப் பயம் வேண்டாம். புதிதாக வந்த கறுப்புக்கு மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். சில மருந்துகளால் வரும். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்த நோயிலும் வரும். அட்ரினல் சுரப்பி பழுதாகி, சோர்வும் எடைக்குறைவும் சேர்ந்து, வாயும் தோலும் கறுக்கும். காசநோய் அந்தச் சுரப்பியைத் தாக்குவதாலும் இது நேரும். ஒரே இடத்தில் ஒரு புள்ளி தோன்றி வளர்ந்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லி, "உனக்காகச் செய்யணும்னு தோணினா செய்யும்மா, அவங்களுக்காக வேணாம்" என்றேன். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை.

பிள்ளைக்குப் பெண் தேடும் வீட்டாருக்கு என் வேண்டுகோள்: ஈறின் நிறத்தைச் சொல்லி ஒரு பெண்ணை மறுக்காதீர்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். வந்தால் அதுதான் நோய். இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.