புலி ஆண்டுப் பிள்ளை

ஏப்ரல் 4

இன்று செங் பெங், சீனர்கள் முன்னோர் கல்லறைகளைப் பேணும் நாள். சீனர் இடுகாட்டில் விடிந்ததிலிருந்தே கூட்டம். புல்லைச் செதுக்குகிறார்கள், கல்லறை எழுத்துகளுக்குப் புதிதாகச் சாயம் தீட்டுகிறார்கள், தாள் பணத்தை எரிக்கிறார்கள். என் பாட்டியைப் பெற்றவர்களும் இந்தப் பேராக் மண்ணில்தான் எங்கோ இருக்க வேண்டும். எந்தக் கல் என்று சொல்ல ஆளில்லை.

பாட்டி 1938இல் பிறந்த சீனப் பெண். ரப்பர் தோட்டத்து லயத்தில், பால் வெட்டிப் பிழைத்த தமிழ்த் தம்பதியர் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தார்கள். அந்தக் கால மலாயாவில் இப்படி வந்த பெண் பிள்ளைகள் பலர். வறுமை ஒரு காரணம். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணம் இன்னொன்று. சீன நாள்காட்டியின் புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் உண்டு. 1938 புலி ஆண்டு.

ஏப்ரல் 5

"பாட்டிக்குக் கோபமே வரலையாம்மா?"

"பெத்தவங்க குடுத்தாங்க, இவங்க எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதாம்பாங்க. கோபமெல்லாம் உனக்குத்தான்."

உண்மைதான். பாட்டி தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார், பிள்ளைகளுக்குத் தமிழில் தாலாட்டுப் பாடினார். அவருக்காக நான்தான் கொதிக்கிறேன்.

ஏப்ரல் 7

சீனத் தாவோ ஞானி சுவாங்ட்சுவின் கதை ஒன்று. மனைவி இறந்தபின் அவர் சட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுய்ட்சு கடிந்துகொள்கிறார். முதலில் தானும் துயரப்பட்டதாகச் சொல்கிறார் சுவாங்ட்சு. பிறகுதான், அவள் பிறப்பதற்கு முன்பிருந்த நிலையை நினைத்துப் பார்த்தாராம்: உயிருமில்லை, உருவமுமில்லை, மூச்சுமில்லை. அங்கிருந்து வந்தவள், பருவங்கள் மாறுவதுபோல, திரும்பிப் போயிருக்கிறாள்.

துயரத்தை அவர் மறைக்கவில்லை. அதைக் கடந்தே போகிறார். அதனால்தான் இந்தக் கதையை நம்புகிறேன். தாவோ சொல்லும் ஏற்பு, நடந்ததற்கெல்லாம் நியாயம் கற்பிப்பதில்லை. பெண் என்பதற்காகப் பிள்ளையைக் கொடுத்தது அநியாயம். ஆனால் அது நடந்திருக்கவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தால், அம்மாவும் இல்லை, நானும் இல்லை. என் பிறப்பையே மறுத்துக்கொண்டு பாட்டிக்கு நீதி கேட்க முடியாது.

ஏப்ரல் 9

மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்கிறான் தம்பி. செய்யட்டும். உறவு யாரேனும் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் நம் வம்சத்தில் குறையொன்றும் இல்லை.

பேரும் கோத்திரமும் தெரியாதவர்களுக்கும் தர்ப்பணத்தில் நீர் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த ஆடி அமாவாசைக்கு, பாட்டியை வளர்த்தவர்களோடு பெற்றவர்களுக்கும் சேர்த்தே படைக்கப் போகிறோம். நீங்கள் கொடுத்த பிள்ளையால்தான் எங்கள் வீடு தழைத்தது என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்வேன்.