இரண்டாவது தாள்

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். கோழிப்பண்ணையில் முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே மொபெட்டில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார் கணவர். அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கே வலி என்று நர்ஸ் கேட்கிறார். அந்தப் பெண் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டவில்லை. முஷ்டியை நடுநெஞ்சில் வைத்து அழுத்துகிறார். தாடையும் வலிக்கிறதாம். வெயில் ஏறாத நேரத்தில் ரவிக்கை நனைந்திருக்கிறது.

"வாய்வுதானுங்க சிஸ்டர். இஞ்சி தட்டிக் குடுத்தேன், சோடா குடுத்தேன், ரெண்டு ஏப்பமும் வந்துதுங்க."

கணவரைக் குறை சொல்ல முடியாது. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே ரத்தம் அடைபட்டால் வயிற்றுக் கோளாறு போலவே குமட்டும், ஏப்பம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். இந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கிறது.

நெஞ்சில் ஆறு, கைகால்களில் நான்கு என்று ஒயர்களை மாட்டி ஈசிஜி எடுக்கிறார்கள். தாளில் கோடு ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

"அப்பக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

"இருங்கண்ணா. கால் மணி நேரத்துல இன்னொன்னு எடுக்கோணும்" என்கிறார் இளம் டாக்டர்.

முதல் தாள் சுத்தமாக இருந்தும் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் தென்படவும் சில மணி நேரம் பிடிக்கும். வலி நிற்காதவரை விடக்கூடாது. இந்த டாக்டர் விடவில்லை. கட்டிலை விட்டு நகரவும் இல்லை.

இரண்டாவது தாள். 2, 3, ஏவிஎஃப் என்ற லீடுகள் மூன்றிலும் கோடு மேலெழும்பி நிற்கிறது. அடிச்சுவரேதான். டாக்டர் அதைப் படமெடுத்துச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார். நர்ஸ் 108-ஐ அழைக்கிறார். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்து மாத்திரைகள் உள்ளங்கைக்கு வருகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடார்வாஸ்டாடின் 8.

"பதினாலையுமா?"

"ஆமாங்க்கா, எல்லாம் இப்பவே. ஆஸ்பிரினை மட்டும் மென்னு முழுங்குங்க."

வண்டி வந்ததும் நர்ஸ் இரண்டு தாளிலும் மணி எழுதித் தருகிறார்.

"நல்லா இருந்த தாளு எதுக்குங்க?"

"எப்ப மாறுச்சுன்னு அங்க பாக்கோணுமில்லங்க."

"நானும் ஏறிக்கட்டுங்களா?"

"ஏறுங்க. சக்கரை மாத்திரைச் சீட்டு இருந்தா கையில எடுத்துக்கங்க."