புறப்படுமுன்

பயணம் என்பது வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது தொடங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது தொடங்குவது, ஒரு தாளையும் எழுதுகோலையும் கையில் எடுக்கும்போதுதான். ஆசை எல்லார்க்கும் உண்டு. அதனைச் செயலாக்குவது ஆயத்தம். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறைக்குள் அடியெடுத்து வைக்கக்கூடாது என்பதே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகள் பாடக்குறிப்பு எழுதிய என் கை, சில மாதங்களாக வேறொரு குறிப்பை எழுதி வருகிறது. வரும் மே மாத இறுதி விடுமுறையில், பணி ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவருடன், ஸ்பெயின் நாட்டிலும் பிரான்சின் தென்பகுதியிலும் பத்து நாள்கள் மோட்டார் சைக்கிளில் சுற்றிவர எண்ணியிருக்கிறேன். தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய காலமெல்லாம் செம்மண் சாலைகளில் சிறிய வண்டியில் போய் வந்தவன் நான். எனவே வண்டி எனக்குப் புதிதன்று, சாலைதான் புதிது.

செய்தியைக் கேட்ட என் மனைவி, "என்னங்க, ஐம்பத்தாறு வயசுல இது தேவையா?" என்று கேட்டாள். என் தந்தையார் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். ஐம்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவள் அஞ்சுவதற்கும் நான் விரைவதற்கும் காரணம் அந்த ஒன்றே. இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே மூன்று நிபந்தனைகளை விதித்தாள். மகளின் படிப்புக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடக்கூடாது. இருட்டிய பின் வண்டி ஓட்டக்கூடாது. ஒரு நாளில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது. அம்மூன்றுமே என் திட்டத்திற்குச் சட்டமாயின.

முதல் நிபந்தனை சிக்கனத்தைக் கற்பித்தது. என் ஓட்டுநர் உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். ஆதலின் 125 சிசி வண்டியே போதும் என்று முடிவு செய்தோம். லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடினால், முழுப் பயணத்திற்கும் வண்டிக்கு முப்பது லிட்டர் பெட்ரோல் போதும். பெட்ரோல் விலை நம் நாட்டைவிடப் பன்மடங்கு மிகுந்த அவ்விடத்தில் இது சிறிய ஆதாயமன்று. பிரான்சின் பல சிற்றூர்களில் ஊராட்சியே நடத்தும் கூடார முகாம்கள் உண்டு. தங்கும் செலவு அங்கே குறைவு. ஸ்பெயினில் நண்பகலில் கிடைக்கும் அன்றைய சாப்பாடு, ஒரே விலையில் இரண்டு மூன்று வகை உணவை அளிப்பது. அதை உண்டால் இரவுக்கு ரொட்டியும் பழமும் போதும்.

இரண்டாம் நிபந்தனைக்கு நிலநூல் துணை நின்றது. ஸ்பெயின் கிரீனிச் தீர்க்கரேகையை ஒட்டிய நாடு. ஆயினும் 1940-ஆம் ஆண்டில் அது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, நடு ஐரோப்பிய நேரத்தை ஏற்றது, பின்னர் மாற்றவில்லை. கோடைக்கால நேரமும் அதனோடு சேர்வதால், மே இறுதியில் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்ந்ததை நானும் மாணவனாக இருந்து கண்டவன். கடிகாரத்தைச் சூரியன் மட்டும் ஆள்வதில்லை. அரசும் ஆள்கிறது என்ற பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நிபந்தனை வழியை வகுத்தது. பார்சலோனாவில் தொடங்கி, லெய்டா நகரில் தங்கி, சரகோசா செல்வோம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே நெடுஞ்சாலையின் குறுக்கே ஒரு வளைவு நிற்கிறது. கிரீனிச் தீர்க்கரேகை கடக்குமிடம் அது. எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்த கோட்டின் கீழ் ஒருமுறை வண்டியில் செல்லவேண்டும் என்பது என் அவா. அந்நெடுஞ்சாலையின் சுங்கக் கட்டணம் 2021-இல் நீக்கப்பட்டதும் எங்களுக்கு நல்லதாயிற்று.

பிறகு பைரனீஸ் மலை. 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாய் மே மாத இறுதியிலும் பனியால் மூடியிருக்கக்கூடும், அதனை விட்டுவிட்டோம். 2003-இல் திறக்கப்பட்ட சோம்போர்ட் சுரங்கப் பாதை எட்டரைக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்தது. அதன் வழியே பிரான்சுக்குள் நுழைந்து, போ, துலூஸ், கார்க்கசோன், பெர்ப்பிஞான் ஆகிய ஊர்களைக் கண்டு, பெர்த்தூஸ் கணவாய் வழியாகத் திரும்புவோம். மொத்தம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்.

சட்டங்களையும் படித்தோம். சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி பெறவேண்டும். வாடகை வண்டி எல்லை கடக்க உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். பிரான்சில் 2016 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகள் தரச்சான்று பெற்ற கையுறை அணிவதும், ஒளி எதிரொளிக்கும் மேலங்கியை உடன் வைத்திருப்பதும் கட்டாயம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லும். வேறு குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. இடப்புறமே பழகிய எனக்கு இது எழுத்தை வலமிருந்து எழுதுவதுபோல் இருக்கிறது. ஆகவே நாள்தோறும் தாளில் சந்திப்புகளை வரைந்து, வண்டிகளை அம்புக்குறியிட்டு நகர்த்திப் பயில்கிறேன். என் மகள் பார்த்துச் சிரிக்கிறாள்.

இரு மொழிகளிலும் ஐம்பது ஐம்பது சொற்களைக் கற்கிறோம். ஸ்பானிய மொழியைப் பெரும்பாலும் எழுதியவாறே படிக்கலாம். பிரெஞ்சு மொழியோ, சொல்லின் இறுதி எழுத்துகளை விழுங்கிவிடுகிறது. நம் மாணவர் அவ்வாறு விழுங்கினால் நாம் திருத்துவோம். அங்கே விழுங்காவிட்டால் நம்மைத் திருத்துவார்கள்!

எஞ்சியது மூட்டை. ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ என்று வரையறுத்து, நிறுத்துப் பார்த்தோம். முதல்நாள் என் மூட்டை பத்தொன்பது கிலோ இருந்தது. ஒவ்வொரு பொருளாய் எடுத்து, 'இஃது இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டேன். பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பதே விடை. மழையங்கி, பஞ்சர் ஒட்டும் கருவி, மருந்து, குறிப்பேடு ஆகியவை நின்றன. மனைவி மட்டும், விலக்கிய பொருள்களிலிருந்து ஊறுகாய்ப் புட்டியை மீண்டும் உள்ளே வைத்தாள். அதை நான் எடுக்கவில்லை.

இளம் ஆசிரியர்களே, செல்வம் மிகுந்தோர்க்கே தொலைதூரப் பயணம் என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லாதீர்கள். ஒரு நிலப்படத்தை விரித்து, தூரத்தை அளந்து, செலவைக் கணக்கிட்டு, அவ்வூர் மக்களின் நான்கு சொற்களைக் கற்கச் சொல்லுங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. புறப்படும் நாள் வாய்க்குமோ வாய்க்காதோ, அதனை யாரும் உறுதி கூற இயலாது. ஆனால் ஆயத்தம் செய்த நாள்கள் நமக்கே உரியவை. அவற்றை எவராலும் திரும்பப் பெறமுடியாது.