பனியை எங்கே தள்ளுவது

பனி வழிக்கிற வண்டி பனியை இல்லாமல் ஆக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுகிறது, அவ்வளவுதான். ஸ்காபரோவில் ஐந்து குளிர்காலமாக, பிக்கப் ட்ரக்கின் முன்னால் எட்டடிப் பிளேட்டைப் பூட்டிக்கொண்டு கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களை இரவில் வழிக்கிறேன். சேர்ந்த வாரமே மேற்பார்வையாளர், "அக்கா, இது ஆம்பிளையளின்ர வேலை, இடுப்பு முறிஞ்சுபோடும்" என்றார். பிளேட்டைத் தூக்குவது ஹைட்ராலிக் எண்ணெய்; என் பங்குக்கு இரண்டு விரல் போதும். இடுப்பு முறிவது, சவளோடு கடைவாசலில் நிற்கிறவருக்கு.

கைப்பழக்கம் வேறு விஷயங்களில் இருக்கிறது. முதல் பனி விழுமுன்னரே பகலில் போய் நடைபாதை விளிம்பு, தீயணைப்புக் குழாய், வடிகால் எல்லாவற்றுக்கும் அடையாளக் கம்பு நட வேண்டும். மூடிய பிறகு எல்லாம் ஒரே வெள்ளை. முன்பாரத்தால் பின்சில்லு பிடியிழக்காமல் இருக்க, பின்பெட்டியில் மணல்மூட்டை ஏற்ற வேண்டும். கடைக்கதவை நோக்கித் தள்ளவே கூடாது. கதவடியில் பிளேட்டை இறக்கி, ட்ரக்கைப் பின்னால் எடுத்துப் பனியை இழுத்து, பிறகு சுற்றிவந்து தள்ள வேண்டும். டிசம்பர் குவியலை எவ்வளவு தூரம் பின்னுக்கு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிவிட வேண்டும். ஜனவரியில் அது கல்லாக இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு பனிக்கும் தரிப்பிடம் சுருங்கிக்கொண்டே வரும்.

பிளேட்டைச் சரித்தால் பனி ஒரு பக்கமாக உருண்டு வரம்பு கட்டும், வயல் வரம்பு மாதிரி. எந்தப் பக்கம் சரிப்பது என்பதை எனக்குத் தந்த வரைபடம் தீர்மானித்திருந்தது. கார் நிற்கும் வரிசைகள் முதலில். வரம்பு முழுக்க பஸ் தரிப்பை ஒட்டிய ஓரத்தில். வீதியில் தள்ள ஒன்ராறியோச் சட்டம் விடாது. காலை ஐந்தரை பஸ்ஸில் வந்திறங்குகிறவர்கள் பேக்கரியிலும் துப்புரவு வேலையிலும் இருக்கிற பெண்கள். அநேகம் எங்கட ஆக்கள், பிலிப்பினோக்காரர். முழங்கால் உயர வரம்பில் ஏறித்தான் அவர்கள் உள்ளே வர வேண்டும். பத்து மணிக்குக் காரில் வருகிறவருக்குக் கறுப்புத் தார் பளிச்சென்று தெரியும்.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா நகரசபை இதையே ஊரளவில் கண்டது. பெருவீதிகளை முதலில் வழித்து நடைபாதையைக் கடைசிக்கு விடுவது, நடந்தும் பஸ்ஸிலும் போகிற பெண்களை விடக் காரோட்டும் ஆண்களுக்கே உதவுகிறது என்று கண்டு வரிசையை மாற்றினார்கள். ஸ்டொக்ஹோமும் அந்த வழியில் போனது. 2016 நவம்பரில் அங்கே கடும்பனி கொட்டி நகரம் முடங்கியபோது, பழி இந்தக் கொள்கையின் தலையில் விழுந்தது. எனக்கு வியப்பில்லை. கார்கள் நின்றால் அது செய்தி. பெண் சறுக்கி மணிக்கட்டை முறித்தால் அவள் போட்டிருந்த சப்பாத்தைத்தான் கேட்பார்கள்.

மேற்பார்வையாளரோடு நான் சுவீடன் கதைக்கவில்லை. "தம்பி, பஸ் பக்கத்தை முதல் வழிச்சு, வரம்பை மற்றப் பக்கம் போட்டா எவ்வளவு நேரம் கூடும்?" என்று கேட்டேன். அவர் ஒருநாள் என்னோடு ட்ரக்கில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் கூடவில்லை. நான்கு கார் நிற்கிற இடம்தான் போனது.

வரைபடம் இன்னும் மாறவில்லை. ஓட்டம் மாறிவிட்டது. போன மாதம் கட்டட உரிமையாளரிடமிருந்து அந்த நான்கு இடத்தைப் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறது. பதில் எழுதித் தரச்சொல்லித் தம்பி என்னைத்தான் கேட்டிருக்கிறார்.